பின்னால் இருக்கும் இன்ஜின் நடுவுக்கு வரலாமா?

முப்பது ஆண்டுகள் கிரேன் உச்சியில் உட்கார்ந்து உலகத்தையே குனிந்து பார்த்துவிட்டு, இன்று எங்களுக்காகத் தரையிறங்கித் தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே! நரை விழுந்தும் நான்காவது கியரை நழுவவிடாத பெரியோர்களே! “ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்ற வாக்கை நம்பி, ஆறிய சாப்பாட்டுக்கு எதிரே அமர்ந்து பொறுமைக்கே பொறுமை கற்பித்த தாய்மார்களே! ஆயில் படிந்த கையால் என் வெள்ளைச் சட்டையைத் தட்டிக்கொடுத்து வரவேற்ற வாலிபத் தோழர்களே! வெளியே வெயிலில் வரிசை கட்டி நிற்கும், வயதானாலும் வாய் குறையாத பழைய கார்களே! அனைவருக்கும் இந்தக் குஷன் கடைக்காரனின் முதல் வணக்கம், முழு வணக்கம். மூன்றாவதாக ஒரு தனி வணக்கம், கடைசி வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் டயர்க்காரருக்கு!

இந்தப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக நியமித்திருக்கிறார்கள். நடுவர் என்றால் நடுவில் இருப்பவர். என் உடம்பைப் பாருங்கள். என்னை நடுவில் வைத்தால் இரண்டு ஓரமும் நானாகத்தானே இருப்பேன்? (சிரிக்காதீர்கள் அண்ணி, உங்கள் வீட்டுச் சாப்பாடும் இதில் இருக்கிறது.)

தலைப்பு என்ன? பின்னால் இருக்கும் இன்ஜினை நடுவுக்குக் கொண்டுவரலாமா, கூடாதா? கேட்டால் வீட்டில் மேசையை நகர்த்தும் விவகாரம் போலத் தோன்றும். ஆனால் வழக்கு யாருக்கும் யாருக்கும்? ஒரு பக்கம் என் உடன்பிறந்த அண்ணன். பட்டறை வட்டாரத்தில் ‘அரை மில்லி’ என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். வானமே இடிந்து விழுந்தாலும், அரை மில்லிமீட்டர் இடதுபுறம் சாய்ந்து விழுகிறது என்று அளந்து சொல்லிவிட்டுத்தான் ஓடுவார். மறுபக்கம் அவர் பெற்ற மகள், பட்டறையின் மறுபாதி. எட்டு வயதில் அப்பாவின் காரில் கார்புரேட்டரைக் கழற்றினாள். ஒன்பது வயதில் திரும்ப மாட்டினாள். இடைப்பட்ட ஓராண்டு என் அண்ணன் பஸ்ஸில் போனார். மலைப்பாதைப் பந்தயத்தில், ஒரு நேரத்தில் ஒரே கார், எதிராளி கடிகாரம் மட்டும் என்று நடக்கும் அந்தப் பந்தயத்தில், சென்ற ஆண்டு இரண்டாவதாக வந்தவள்!

வழக்கின் பொருள், இருவருக்கும் பொதுவான அந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு மூளை முன்னால், முழக்கம் பின்னால். வண்டிக்கு முன்னே குதிரை நின்ற காலம் தொட்டு, சக்தி முன்னால்தான் இருக்கவேண்டும் என்று உலகம் நம்பியிருந்தது. எவரோ ஒரு குறும்புக்காரப் பொறியாளர் இன்ஜினைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கும் பின்னால், வால் நுனியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். ஏன்? கேட்டீர்களா யாராவது? நான் கேட்டேன். உள்ளே இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் வேண்டுமாம்! அந்த இரண்டு பேர் இடத்தில்தான் நான் ஒருவன் உட்கார்ந்து வருகிறேன்.

ஆகையால் நடுவரின் நேர்மை கருதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நடுவுக்கு வந்தால் பின் சீட் காலி. அந்தப் பின் சீட்டைத் தைத்தது இந்தக் கை. பதினோரு நாள் தைத்தேன். அதன் ஓரத் தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த என் அண்ணன், “பரவால்ல” என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை என்ற சொல் வருவது வால் நட்சத்திரம் வருவது மாதிரி. எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை!

இப்போது நிலவரம் என்ன? வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மகள், அண்ணன் மகள் என்றால் எனக்கும் மகள்தானே, வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுக்கிறாள். பின் சீட்டை, அதன் கீழ்த் தகரத்தை, குறுக்குச் சட்டத்தை அறுத்து எறிகிறாள். இன்ஜினை இரண்டடி முன்னே நகர்த்துகிறாள். அறுத்த தகரம் பழையபடி ஆகாது. “அறுத்தா, நான் பட்டறை வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று அண்ணன் சொல்லியாகிவிட்டது. இருவரும் முகம் கொடுத்துப் பேசி இன்றோடு இருபத்தாறு நாள். நடுவர் சொன்னால் கட்டுப்படுகிறோம் என்று இருவரும் தலைவரிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இருபத்தாறு நாளும் நான் பட்ட பாடு! போன புதன்கிழமை கடையில் சோபாவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். போன் வருகிறது.

“சித்தப்பா, அப்பாகிட்ட பதிமூணு நம்பர் ஸ்பானரைக் கேளுங்க.”

“நீ எங்கேம்மா இருக்கே?”

“பட்டறையில.”

“அப்பா எங்கே?”

“எதிர்ல.”

“எவ்வளவு எதிர்ல?”

“கை நீட்டினா மூக்குல இடிக்கும்.”

அவளை லைனிலேயே வைத்துக்கொண்டு, கடைப் போனிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். போன் ஒலிக்கும் சத்தம் அவள் போனில் எனக்குக் கேட்கிறது! “என்னடா?” என்றார். “ஸ்பானர் கொடு அண்ணே” என்றேன். “அது பன்னெண்டு நம்பர் நட்டுடா, சொல்லு அவகிட்ட” என்றார். பத்து மைல் தள்ளி இருக்கும் நான் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு ஸ்பானர் இவ்வளவு தூரம் பயணம் போய் நான் பார்த்ததில்லை!

வாதங்களுக்கு வருகிறேன். சற்று முன் இதே மேடையில் என் அண்ணன் ஒரு சுத்தியலைத் தூக்கிக் காட்டினார். “சுத்தியலோட எடை ஏன்யா நுனியில இருக்கு? அதைப் புடியோட நடுவுல வை. பிடிக்கச் சுகமா இருக்கும். ஆணி இறங்குமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினீர்கள். பின்னாலே எடை இருப்பதால்தான் பின் சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டு மேட்டில் பாய்கிறது. உண்மை!

அவர் மகள் எழுந்தாள். “நிறைஞ்ச கேஸ் சிலிண்டரைத் தூக்கறவங்க கையை நீட்டியா தூக்கறாங்க? வயித்தோட அணைச்சுத்தானே தூக்கறாங்க? திரும்பணும்னா எடை நடுவுல இருக்கணும்” என்றாள். அதற்கும் கைதட்டினீர்கள். எந்தப் பக்கம்தான் நீங்கள்? வெட்கமாயில்லை?

எனக்கும் இல்லை. ஏனென்றால் எனக்கும் இரண்டுமே சரி என்றுதான் பட்டது. அதனால் ஆராய்ச்சியில் இறங்கினேன். கடையில் ஒரு சுழல் நாற்காலி தையலுக்கு வந்திருந்தது. அதில் அமர்ந்தேன். இரண்டு கையிலும் இரண்டு இஸ்திரிப் பெட்டி. கையை நீட்டிக்கொண்டு சுழன்றால் மெல்லத்தான் சுழல்கிறேன். ஆனால் சுழல ஆரம்பித்துவிட்டால் நிறுத்த ஆளில்லை. கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்தேன். ஐயையோ! பம்பரம் தோற்றது, பூமி தோற்றது! அண்டசராசரம் அத்தனையும் என்னைச் சுற்றி வந்தது! பஞ்சு மூட்டைக் குவியலுக்குள் தலை குப்புற விழுந்து அரை மணி நேரம் கிடந்தேன். அங்கே கிடந்தபோது புரிந்தது. எடை ஓரத்தில் இருந்தால் திரும்பத் தயங்கும், திரும்பிவிட்டால் அடங்காது. எடை நடுவில் இருந்தால் நினைத்தவுடன் திரும்பும், நினைத்தவுடன் நிற்கும். ஆக, என் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மறுக்க முடியுமா? முடியாது.

(டயர்க்காரர் கேட்கிறார், இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்ததா என்று. இல்லை ஐயா. உங்கள் ஆசை நிறைவேறவில்லை.)

அப்படியானால் தீர்ப்பு முடிந்ததா? அங்கேதான் ஒரு முள் குத்துகிறது. இந்த வழக்கு எங்கே பிறந்தது? மலைப்பாதையின் எட்டாவது வளைவில் பிறந்தது. இருபத்தாறு நாளுக்கு முன், பயிற்சி ஓட்டம். ஸ்டியரிங்கில் மகள். பக்கத்தில் அப்பா. பின் சீட்டில், முழங்கால் காதைத் தொட, நான். கொண்டை ஊசி வளைவு பாய்ந்து வருகிறது. அண்ணன் கத்துகிறார். அடுத்த நொடி வண்டியின் வால் தலையாகிவிட்டது! முப்பத்து மூன்று சுற்றுச் சுற்றினோம்…

(என்ன அண்ணி? ஒன்றரைச் சுற்றா? நீங்கள் வெளியே நின்று எண்ணினீர்கள், நான் உள்ளே இருந்து எண்ணினேன். உள் கணக்கு வேறு.)

நின்றபோது பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண். என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். ஒரு சாண். இன்ஜின் அணைந்துவிட்டது. ஒரு சரளைக்கல் உருண்டு கீழே போகும் சத்தம் கேட்டது. கீழே போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. என் அண்ணனின் கை மகளின் தோளைப் பிடித்திருந்தது. அவள் அதை மெதுவாக எடுத்துவிட்டாள். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

இன்று மேடையில் அண்ணன் சொன்னார், “மூணு தடவை கத்தினேன், அவ கேக்கல. தப்பு இன்ஜின் மேல இல்ல.” மகள் சொன்னாள், “அவர் சொன்னதை அப்படியே செஞ்சேன். அப்படியும் சுத்துச்சு. தப்பு இன்ஜின் இருக்கற இடத்து மேலதான்.” இருவருமே பொய் சொல்லத் தெரியாத மனிதர்கள். அந்தத் திறமை எங்கள் குடும்பத்தில் முழுவதுமாக எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. பின் இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்? இரண்டு உண்மைகள் மோதினால் நடுவில் ஏதோ நசுங்கிக் கிடக்கவேண்டுமே? அது என்ன? நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை எனக்கு! தலைவர் அனுமதித்தால் இங்கேயே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுகிறேன். நன்றி தலைவரே.

அண்ணே, எழுந்திரு. அன்றைக்கு நீ கத்தியது என்ன? அந்தச் சொல்லை அப்படியே சொல்லு.

“‘பின்னாடி பிடி’ன்னேன்டா. மூணு தடவை. நீயும்தானே உள்ளே இருந்தே!”

இருந்தேன். சற்று நில். மகளே, அப்பா என்ன சொன்னார்?

“அதையேதான் சித்தப்பா. ‘பின்னாடி பிடி’ன்னார். பின்னாடிதான் பிடிச்சேன்.”

அவையோரே, கேட்டீர்களா? சொன்னதும் அதுவே, செய்ததும் அதுவே! மகளே, எதைப் பிடித்தாய்?

“கதவோரம் இருக்கே, அந்தக் கைப்பிரேக்கை.”

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டதா? அது என் அண்ணனுடையது.

“கைப்பிரேக்கா? யாரு உன்னைக் கைப்பிரேக்கைப் பிடிக்கச் சொன்னது?”

“நீங்கதான்! கைப்பிரேக் பின் சக்கரத்தைத்தானே பிடிக்கும்? ‘பின்னாடி பிடி’ன்னா வேற என்ன? கொண்டை ஊசி வளைவுல அப்படித் திருப்பறவங்க இருக்காங்களே, அந்த வித்தையைச் சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

“ஐயோ குட்டி! நீ பிரேக்கை சீக்கிரமே பிடிச்சிட்டே இருந்தே. அப்புறமா பிடி, லேட்டா பிடின்னு சொன்னேன்! பின்னாடி பிடி!”

அமைதி. அமைதி காக்கவேண்டும். தாய்மார்கள் தயவுசெய்து விசிலடிக்கக் கூடாது. மூன்றாவது சாட்சியின் வாக்குமூலம் பாக்கி இருக்கிறது. அது நான். “பின்னாடி பிடி” என்று என் காதிலும் விழுந்தது. பின்னாடி உட்கார்ந்திருப்பது நான் ஒருவன்தானே? ‘டேய் பின்னாடி, கெட்டியாப் பிடிச்சுக்கோ’ என்று தம்பி மேல் உள்ள பாசத்தில் அண்ணன் எச்சரிப்பதாக நினைத்து, கண் கலங்கி, முன் சீட்டை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். மூன்று பேர், மூன்று பிடி! ஒருவர் காலத்தைச் சொன்னார், ஒருத்தி சக்கரத்தைப் பிடித்தாள், ஒருவன் சீட்டைப் பிடித்தான். ஒரே சொல், ஒரே நொடி, ஒரே வண்டி!

இன்ஜினா குற்றவாளி? வாய் பேசத் தெரியாத அந்த இரும்பா? இருபத்தாறு நாளாக யாரை வெட்டுவது என்று தீட்டிக்கொண்டிருந்தோம்? பின்னால் என்ற அந்தச் சொல்லை அல்லவா பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்கவேண்டும்!

ஆனால் அவையோரே, அந்தச் சொல்லைக் கூண்டில் ஏற்றிவிட்டு அதன் முகத்தைப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. வியப்பு வருகிறது! யோசித்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் என்கிறோம். நடந்து முடிந்ததெல்லாம் நமக்கு முன்னால் நிற்கிறது, கண்ணெதிரே தெரிகிறது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். வரப்போவதெல்லாம் நம் முதுகுக்குப் பின்னே இருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. ஆக, நம் பேச்சில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? பின்னால்! கண்ணில் படாமல், காதில் மட்டும் உறுமிக்கொண்டு, முதுகைப் பிடித்துத் தள்ளுகிறதே, அது என்ன? இன்ஜின் ஐயா, இன்ஜின்! மொழியே பின்னால் இன்ஜின் வைத்த வண்டியாக இருக்கும்போது, இந்த மஞ்சள் கார் மட்டும் என்ன பாவம் செய்தது?

(போதும், போதும். கைதட்டலில் மைக் ஆடுகிறது.)

அதற்காக, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று நான் சொல்லிவிடுவேனா? மாட்டேன். சுழல் நாற்காலி எனக்குக் காட்டிய உண்மை உண்மைதான். என் அண்ணனின் சுத்தியலும் உண்மைதான். வால் கனத்த வண்டி, ஓட்டுகிறவரிடம் நுணுக்கம் கேட்கும். நடு கனத்த வண்டி, உட்காருகிறவரிடம் இடம் கேட்கும். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குகிற வியாபாரம் இது. எது வேண்டும் என்பதை யார் சொல்வது? பள்ளத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யாருடைய கையோ, அந்தக் கைக்குத்தான் அந்த உரிமை. அண்ணே, இதை நீ கேட்டுக்கொள். முறைக்காதே. நான் நடுவர்.

ஆகவே என் தீர்ப்பு! தலைவர் எழுதிக்கொள்ளலாம். எட்டாவது வளைவில் நடந்த குற்றத்திலிருந்து இன்ஜின் விடுதலை. பொய்யாகிப்போன சாட்சியை வைத்து ஒரு தகரத்தைக் கூட அறுக்கக்கூடாது என்பதால் திங்கட்கிழமை வெட்டு நிறுத்தப்படுகிறது. இன்ஜின் நடுவுக்கு வரலாமா என்றால், வரலாம்! ஆனால் செய்யாத குற்றத்துக்குத் தண்டனையாக வரக்கூடாது. ஓட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, கேள்வி கேட்டு, பாதை சொல்லும் பதிலாக வரட்டும். அப்படி வந்தால், என் பதினோரு நாள் தையலை நானே பிரித்துத் தருகிறேன். ஒரு இழை கூட அறாமல்!

அங்கே யார் எழுந்து நிற்பது? சொல்லம்மா. மைக் வேண்டாமா? சரி.

“சித்தப்பா, திங்கக்கிழமை வெட்டல. ஆனா வெட்டவே மாட்டேன்னும் சொல்லல. இப்பவே போய் அதே வளைவுல ஏத்திப் பாக்கணும். கைப்பிரேக் தொடாம. லேட்டா பிரேக் பிடிச்சு. அப்படியும் சுத்துச்சுன்னா இன்ஜின் நடுவுக்குத்தான்.”

கேட்டாயா அண்ணே? என்ன சொல்கிறாய்?

“சுத்தினா… நானே அளந்து கோடு போட்டுத் தர்றேன். கோணலா அறுத்துடுவா.”

அவையோரே, என் அண்ணன் கோடு போட்டுத் தருகிறாராம்! இதற்குமேல் நான் என்ன பேச? பேசுவதற்கு இன்னும் பதினெட்டுப் பக்கம் கையில் இருக்கிறது. இருந்தாலும் என்ன பேச? இதோ, அவள் சாவியை எடுத்துவிட்டாள். வாசலை நோக்கி நடக்கிறாள். நிற்கிறாள். திரும்புகிறாள்…

“வாங்கப்பா. பக்கத்துல உக்காருங்க.”

மன்னிக்கவேண்டும். கையில் இருந்த பதினெட்டுப் பக்கமும் கீழே சிதறிவிட்டது, பொறுக்கிக்கொள்கிறேன். தரையெல்லாம் தூசி. இந்த மண்டபத்தைக் கூட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

டயர்க்காரரே, நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள்? ஐயா, உட்காருங்கள், நன்றியுரை இருக்கிறது! தாய்மார்களே, நீங்களுமா? வாசலில் நெரிசல் வேண்டாம்! அண்ணி, என் செருப்பு உங்கள் காலில் இருக்கிறது! தலைவர் அவர்களே, தாங்களுமா? தலைமை நாற்காலியாவது இருக்கட்டும், அதையும் எடுத்துக்கொண்டு போகிறார்களே, ஏறி நின்று பார்க்கவா? போங்கள், போங்கள். அப்பாவும் மகளும் ஒரே காரில் ஏறுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இருந்து கேட்ட பொறுமைக்கும், எழுந்து ஓடிய அவசரத்துக்கும் என் நன்றி. காலி நாற்காலிகளே, உங்களுக்கும் நன்றி. உங்களில் ஆறு பேருக்குக் குஷன் கிழிந்திருக்கிறது, நாளைக்குக் கடைக்கு வாருங்கள். மைக் செட் தம்பி, ஒரு நிமிடம். அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஆங், அப்படித்தான். கேட்கிறதா?

“பின் டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கே?”

“முப்பத்திரண்டுப்பா.”

“யாரைக் கேட்டு வெச்சே?”

“யாரைக் கேக்கணும்? நீங்கதான் பேசவே இல்லையே!”

“நீ பேசினியா?”

ஆஹா! தொடங்கிவிட்டது. இருபத்தாறு நாள் பாக்கி, இனி மலை உச்சி போகும்வரை ஓயாது. வாழ்க அந்தச் சண்டை! வளர்க அந்தச் சத்தம்! எல்லோருக்கும் என் வணக்கம்; விடுங்கள், நானும் ஓடுகிறேன்.